பள்ளி மணி ஓய்ந்த பின்

பள்ளிக்கூடத்தில் நாம் கற்கும் பாடங்களுள் எந்தப் பாடநூலிலும் இடம்பெறாத பாடம் ஒன்று உண்டு. மணியோசைக்குக் கட்டுப்படுதல் என்பதே அது. காலையில் மணி அடித்ததும் வரிசையில் நிற்கிறோம். அடுத்த மணிக்குக் கணக்கு நூலை மூடிவிட்டுத் தமிழ் நூலைத் திறக்கிறோம். நீண்ட மணி அடித்தால் வீடு திரும்புகிறோம். எப்போது உண்பது, எப்போது விளையாடுவது, எதனை எத்தனை நாளுக்குள் படித்து முடிப்பது என்பவற்றையெல்லாம் வேறு ஒருவர் நமக்காக வகுத்து வைத்திருக்கிறார். கடைசித் தேர்வை எழுதிவிட்டு வெளியே வரும் மாணவர்க்கு அன்று பிற்பகல் முதல் அந்த மணி அடிப்பதில்லை. விடுதலை கிடைத்ததென்று பேனா மையை ஒருவர்மேல் ஒருவர் தெளித்து மகிழ்கிறார்கள். மகிழட்டும், அதனால் சட்டை ஒன்று பாழாவதன்றி வேறு கேடில்லை. ஆயின் இனி நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குத் தம் பொருட்டு எவரும் மணி அடிக்கப் போவதில்லை என்பதை அவ்வேளையில் அவர்கள் நினைப்பதில்லை.

மாணவ மாணவியரே! எந்தப் படிப்பில் சேரலாம் என்பது பற்றி உங்களுக்கு அறிவுரை கூறுவோர்க்குக் குறைவில்லை. மாமா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு அண்ணாச்சி மற்றொன்று சொல்வார். அவற்றோடு என் சொல்லையும் சேர்த்துக் குழப்ப நான் வரவில்லை. படிப்பைத் தேர்வதற்கு முன்னர்ச் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம் ஒன்று இருக்கிறது. தேர்வு முடிந்த நாளுக்கும் புதிய இடத்தில் சேரும் நாளுக்கும் இடைப்பட்ட வாரங்களே அதற்குரிய காலம். நம் கையால் நாமே மணி அடித்துக்கொள்ளப் பழகும் காலம் அது. அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

பள்ளியிறுதி என்பதன் எல்லை காலந்தோறும் மாறியே வந்திருக்கிறது. 1857-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் மெட்ரிகுலேஷன் தேர்வே பள்ளிப் படிப்பின் கடைசிப் படியாயிற்று. பிறகு எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. நான் மாணவனாக இருந்த காலத்தில் பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும்; கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்புப் படிக்க வேண்டும். 1978-ஆம் ஆண்டில் மேனிலை வகுப்புகள் பள்ளிகளிலேயே தொடங்கப்பெற்றன. அந்த நாளில் மெட்ரிகுலேஷன் தேறியவர்க்குத் தாலுக்கா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் நாற்காலி கிடைத்துவிடும். இன்று அந்த நாற்காலிக்குரிய தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. ஆயினும் 2024 ஜூன் மாதத்தில் அத்தேர்வை எழுதியோர் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்; முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. பட்டதாரிகளும் பொறியாளர்களும் அவ்வரிசையில் நின்றார்கள். சான்றிதழைப் பெற்ற அன்றே வாழ்க்கைக்கு வழி பிறந்துவிடும் என்ற பழைய நம்பிக்கை இன்றைக்குப் பொருந்தாது.

பழைய காலத்திலும் அது எல்லோர்க்கும் பொருந்தியதில்லை. திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த இருவரை எண்ணிப் பாருங்கள். வ. உ. சிதம்பரனார் 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேறியபின் தாலுக்கா அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தராக இருந்தார். பலர் அங்கேயே அமர்ந்து ஓய்வூதியம் பெறும் வரை கோப்பு எழுதியிருப்பர். அவரோ திருச்சிராப்பள்ளிக்குச் சென்று சட்டம் பயின்று, 1895 முதல் வழக்கறிஞர் தொழில் நடத்தினார். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். 1908-ல் சிறை புகுந்தார். 1912-ன் இறுதியில் வெளியே வந்தபோது வழக்கறிஞர் உரிமம் அவர் கையில் இல்லை. சென்னையில் கடை வைத்தும் பிழைக்க நேர்ந்தது. உரிமம் திரும்பக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. இத்தனைக்கும் இடையில் சிறையிலிருந்தபோதும் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூல்களைத் தமிழாக்கி வந்தார். சிறையிலும் மணி உண்டு. ஆனால் அது நூல் எழுதுவதற்காக அடிக்கப்படும் மணியன்று. எழுதுவதற்குரிய மணியை அவரே அடித்துக்கொண்டார்.

மற்றொருவர் பாரதியார். 1894 முதல் 1897 வரை நெல்லையில் படித்தவர். 1898-ல் தந்தையார் இறந்தார். குடும்பத்தில் பொருள் இல்லை. அத்தை வீட்டாரோடு காசிக்குச் சென்று, அங்கே அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் தேறினார். இந்தியும் வடமொழியும் கற்றார். திரும்பி வந்து எட்டயபுரம் அரண்மனையில் பணிபுரிந்தார். 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாத காலத்துக்குத் தற்காலிகத் தமிழாசிரியர். அதே ஆண்டு நவம்பரில் ‘சுதேசமித்திரன்’ அலுவலகம். இருபத்திரண்டு வயது நிரம்புவதற்குள் இத்தனை இடங்கள். எந்த உறவினரும் இந்த வழியை முன்கூட்டி வரைந்து கொடுத்திருக்க முடியாது.

இவ்விருவரைச் சுட்டிக் காட்டி, நீங்களும் இவர்களைப் போல் ஆகிவிடலாம் என்று சொல்வது ஆசிரியர்களாகிய எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அது நேர்மையன்று. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் நாற்பது பாரதிகள் அமர்ந்திருப்பதில்லை. இருக்க வேண்டியதும் இல்லை. அவர்கள் வாழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. முதலில் கிடைத்த இடம் கடைசி இடமாக இருக்கவில்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும்போது அவர்கள் கையில் மொழியும் படிக்கும் பழக்கமும் உடன் சென்றன. இவ்வளவு நமக்கும் இயலும்.

நம் ஆற்றைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பொதிய மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலை அடையும் பொருநையின் குறுக்கே, கோடைமேலழகியான் அணை தொடங்கித் திருவைகுண்டம் அணை வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அரியநாயகிபுரத்தில் கோடகன் கால் பிரிகிறது. பழவூரில் பாளையங்கால் பிரிகிறது. சுத்தமல்லியில் நெல்லைக்கால் பிரிகிறது. மேலணையில் கால்வாய்க்குள் நுழையாத நீர் அடுத்த அணைக்கு வந்து சேர்கிறது. மேல் வயல்களில் பாய்ந்து வடிந்த நீரும் மீண்டும் ஆற்றில் கலந்து கீழ் வயல்களுக்குப் பயன்படுகிறது. நம் முன்னோர் ஒரே ஓர் அணையைக் கட்டிவிட்டு, அதில் பிரியாத நீரெல்லாம் வீண் என்று விட்டுவிடவில்லை.

கல்வித் துறையிலும் இத்தகைய அணைகள் உண்டு. பலர் அவற்றை அறியாமலே முதல் அணையில் தவறிவிட்டோமே என்று கலங்குகிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்த ஒருவர் பேட்டையிலுள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில், அதாவது ஐ.டி.ஐ.யில், ஃபிட்டராகவோ எலெக்ட்ரீஷியனாகவோ இரண்டாண்டு பயிலலாம். அத்தகைய இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. அங்கே பட்டயம் பெற்றவர் பொறியியற் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மேனிலைப் பள்ளி வழியாக வந்தவரும் இவரும் ஒரே வகுப்பில் அமர்வார்கள். இவர் ஓராண்டோ ஈராண்டோ காலந்தாழ்ந்து வந்திருக்கலாம். ஆனால் அரமும் சுத்தியலும் பிடித்த கை இவருடையது. வகுப்பில் இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது இவருக்கு அது படம் அன்று, பொருள். தொழிற்கூடத்திலேயே ஊதியத்தோடு பயிற்சி பெற 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் வகை செய்கிறது. இதைக் கேட்டறிந்து பயன்படுத்துவோர் நம் மாவட்டத்தில் மிகச் சிலரே என்பது என் எண்ணம்.

ஐ.டி.ஐ. என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு. மகேந்திரகிரியில் விண்வெளித் துறையின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ஏவுகணை ஊர்திகளின் திரவ எரிபொருள் எந்திரங்கள் அங்கே சோதிக்கப்படுகின்றன. அங்கே பணிபுரிவோர் அனைவரும் முனைவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளியிறுதியும் ஐ.டி.ஐ.யும் படித்த ஃபிட்டர்களும் வெல்டர்களும் எலெக்ட்ரீஷியன்களும் அங்கே தொழில்நுட்பப் பணியாளராகச் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். ஒரு குழாயின் இணைப்புச் சரியில்லை என்றால் ஏட்டில் எழுதிய கணக்கு எவ்வளவு திருத்தமாக இருந்தும் பயனில்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த விதி ஒன்று: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க. பாடம் நடத்துவதற்காகச் சொன்ன விதி அது. தொழிலைத் தேர்வதற்கும் அது பொருந்தும். மாணவர் பலர் தாம் ஒருநாளும் கண்டிராத தொழிலைப் பெயரைக் கேட்டே தேர்ந்துவிடுகின்றனர். ‘கம்ப்யூட்டர்’ என்கிறார்கள், அதில் நாள் முழுதும் என்ன செய்வார்கள் என்றால் தெரியாது. ‘அக்ரி’ என்கிறார்கள்; வயலில் இறங்கியதில்லை. ஆகவே இந்த விடுமுறையில் நாலைந்து இடங்களுக்கு நேரில் சென்று, வேலை நடப்பதைக் கண்ணால் காணுங்கள். உறவினர் அறிமுகம் இருந்தால் நல்லது. இல்லாவிடில் முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதி ஒப்புதல் கேளுங்கள். பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். படிக்கும் பிள்ளை வந்து கேட்டால் தம் தொழிலைப் பற்றிப் பேச விரும்பாத மனிதரை நான் அதிகம் கண்டதில்லை.

அம்பாசமுத்திரத்தில் 1937-ல் தொடங்கப்பெற்ற நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏ.எஸ்.டி. 16 என்று நம் உழவர்கள் சொல்லும் நெல், 1986-ல் அங்கிருந்து வெளிவந்தது. ஒரு நெல்வகையை உருவாக்கப் பல பருவங்கள் ஒரே பொறுமையோடு விதைத்து, அறுத்து, எண்ணி, எடைபோட்டு, ஏட்டில் பதிய வேண்டும் என்பதை அங்கே சென்றால் உணரலாம். அந்தப் பொறுமை தமக்கு உண்டா என்று தம்மையே கேட்டுக்கொண்டபின் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதலாம். பத்தமடைக்குச் செல்லுங்கள். பொருநைக் கரையின் கோரைப்புல்லைக் கீறி, ஊறவைத்து, மெல்லிய பாயாக நெய்கிறார்கள். அந்த நுட்பத்துக்கு உரிய கூலி நெய்பவர் கைக்குச் சேர்கிறதா, இடையில் எங்கே நின்றுவிடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். வணிகவியல் படிக்க எண்ணுபவர்க்கு அதைவிட நல்ல முதற்பாடம் கிடையாது. நீதிமன்றத்தில் ஒருநாள் பின்வரிசையில் அமர்ந்திருங்கள். அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பகுதியில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். வெள்ளைச் சட்டையைக் கனவு கண்டவர்களுள் சிலர் அன்றே மனம் மாறக்கூடும். சிலர்க்கு உறுதி பிறக்கும். இரண்டும் இலாபமே.

பொறியியலுக்கு மதிப்பெண் கூட்டும் முறையையும், மருத்துவத்துக்கு உரிய நீட் தேர்வையும் பற்றி உங்களில் பெரும்பாலோர் என்னைவிட நன்கு அறிவீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நீங்கள் அறியாத கணக்கு ஒன்றைப் போடுவோம். வானொலியில் கரும்பலகை இல்லை. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வீதம் வங்கியில் கல்விக் கடன் பெறுவதாகக் கொள்வோம். வட்டி நூற்றுக்குப் பத்து. எளிமைக்காகத் தனிவட்டி என்றே வைப்போம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது பொதுவாக உள்ள வழக்கம். இதைக் கேட்ட பலர் அதுவரை கடன் உறங்குகிறது என்று எண்ணுகின்றனர். கடன் உறங்குவதில்லை. முதலாண்டில் வாங்கிய இலட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி ரூ.50,000. இரண்டாவது இலட்சத்துக்கு நான்காண்டு வட்டி ரூ.40,000. மூன்றாவதற்கு ரூ.30,000. நான்காவதற்கு ரூ.20,000. ஆக வட்டி மட்டும் ரூ.1,40,000. வாங்கியது நான்கு இலட்சம். திருப்பத் தொடங்கும் நாளில் நிற்பது 5,40,000. அதைப் பத்தாண்டில், அதே வட்டி வீதத்தில், மாதத் தவணையாகக் கட்டினால் மாதம் ஏறத்தாழ ரூ.7,100 ஆகும். முதல் வேலையில் உங்களுக்குப் பதினைந்தாயிரம் கிடைத்தால், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான தொகை வங்கிக்குப் போகும். எஞ்சியதில் அறை வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்ப வேண்டியது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வட்டிச் சலுகைத் திட்டங்கள் உண்டு. கேட்டுப் பெற வேண்டும்.

கடன் வாங்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கடன் இல்லாவிட்டால் பல ஏழைப் பிள்ளைகள் கல்லூரி வாயிலையே மிதித்திருக்க மாட்டார்கள். இந்தக் கணக்கைச் சேர்வதற்கு முன்னர், தாய் தந்தையரின் எதிரில் அமர்ந்து, மாணவரே போட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். தகப்பனார் எந்த வயலை ஒற்றி வைக்கிறார், தாயாரின் எந்த நகை கடைக்குப் போகிறது என்பது பிள்ளைக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. பிள்ளைக்குக் கவலை வேண்டாம் என்று மறைக்கிறார்கள். நல்லெண்ணந்தான். ஆனால் பதினேழு வயதில் ஒருவர் கணக்கை அறிந்தால் அவர் நடை மாறும் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பெண்பிள்ளைகள் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. பாளையங்கோட்டையிலுள்ள சாரா டக்கர் கல்லூரி 1895-ல் கல்லூரி நிலையை அடைந்தது. இந்த மண்ணைக் கண்ணாலும் காணாத ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பெயர் அதற்கு வாய்த்தது. நம் ஊர்ப் பெண்கள் படிக்க வேண்டுமென்று அங்கிருந்தே பொருள் திரட்டி அனுப்பியவர் அவர். அவ்வளவு தொலைவில் இருந்தவர்க்கு இருந்த அக்கறை, அடுத்த அறையில் இருக்கும் தந்தைக்குச் சில வேளைகளில் இருப்பதில்லை. வகுப்பில் முதலாவதாக நிற்கும் பெண் மேனிலைத் தேர்வு எழுதி முடித்த வைகாசியிலேயே மணமேடையில் அமர்வதை இன்றும் காண்கிறோம். பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிறைய வேண்டும் என்பது சட்டம் வகுத்த கீழெல்லை. பதினெட்டு நிறைந்ததும் மணம் முடித்தாக வேண்டும் என்ற ஆணையன்று. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் ‘புதுமைப்பெண்’ திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பெற்றது; மாணவர்க்கு ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில் வந்தது. ஆயிரம் ரூபாய் சிறிய தொகையாகத் தோன்றலாம். மணிமுத்தாற்றங்கரைச் சிற்றூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் பெண்ணுக்கு அது மதிய உணவும் நூலும். வீட்டில் பேச அஞ்சும் மாணவியர் தம் ஆசிரியையிடம் முதலில் பேசுங்கள். ஆசிரியை வீட்டுக்கு வந்து பேசினால் கேட்கும் தந்தையர் நம் பக்கத்தில் மிகப் பலர். ‘டீச்சரே சொல்லிட்டாங்க’ என்பதற்கு இன்னும் இங்கே மதிப்பு இருக்கிறது.

இனித் தேர்வு முடிவு வரும் நாள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் ஏதேனும் ஒரு வீட்டில் ஈடுசெய்ய இயலாத இழப்பு நேர்ந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பானாலும் பன்னிரண்டாம் வகுப்பானாலும், தவறிய பாடத்தைச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வில் எழுதி, அதே ஆண்டில் மேற்படிப்பில் சேர வழி இருக்கிறது. மேனிலைத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததாக ஐயம் இருந்தால் விடைத்தாளின் படியைப் பெற்றுப் பார்த்து, மறுமதிப்பீடு கோரலாம். இவையெல்லாம் தேர்வுத் துறை வெளிப்படையாக அறிவிக்கும் செய்திகள். ஆயினும் முடிவு வந்த அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளையின் நினைவுக்கு இவற்றுள் ஒன்றும் வருவதில்லை. ஆகவே முடிவு வருவதற்கு முந்திய நாளிலேயே பெற்றோர் சொல்லிவிட வேண்டும்: “எத்தனை வந்தாலும் மத்தியானச் சாப்பாடு நாம் எல்லாரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம்.” அன்று பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அடுத்த வீட்டு மதிப்பெண்ணை விசாரிக்க அடுத்த வாரம் போகலாம்.

மணி அடிக்காத நாளை எவ்வாறு கழிப்பது என்பதற்கு வருகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆற்றில் நீராடி என்று தொடங்கி ஓர் அட்டவணை தரமாட்டேன். அத்தகைய அட்டவணைகளை நானே பல ஆண்டு எழுதிச் சுவரில் ஒட்டிப் பார்த்திருக்கிறேன், இரண்டாம் வாரத்தில் பசை காய்ந்து விழுந்துவிடும். நாளொன்றுக்கு மூன்று செயல்கள் போதும். ஒரு செய்தித்தாளின் தலையங்கத்தைப் படித்து, அதன் கருத்தை ஐந்து வரியில் சொந்தச் சொற்களால் எழுதுவது. தமிழில் ஒருநாள், ஆங்கிலத்தில் மறுநாள். தேர்வாணையத் தேர்வில் தமிழ்த் தாளில் நாற்பது விழுக்காடு பெறாதவரின் மற்ற மதிப்பெண்கள் கணக்கிலேயே வருவதில்லை என்பதைத் தமிழை எளிதாக எண்ணுவோர் நினைவில் வைக்கட்டும். இரண்டாவது, வீட்டில் ஒரு வேலையை முழுப் பொறுப்பில் எடுத்துக்கொள்வது. சோறு வடிப்பதோ, மின்கட்டணம் செலுத்துவதோ, பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதோ எதுவாயினும் சரி. அதை எவரும் நினைவூட்டாமல் செய்ய வேண்டும். மூன்றாவது, கைபேசியை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கைக்கு ஒரு வேலை. தட்டச்சுப் பழகலாம், தையல் பழகலாம். நீந்தத் தெரியாதவர் தெரிந்த பெரியவரைத் துணைக்கொண்டு நீந்தப் பழகலாம். ஆற்றங்கரை மாவட்டத்தில் பிறந்தும் நீந்தத் தெரியாமல் விடுமுறையில் உயிர் இழக்கும் பிள்ளைகள் பற்றிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது.

வெளியூர் விடுதிக்குச் செல்வோர் மற்றுமொரு செய்தியைக் கருத வேண்டும். சேரன்மாதேவியில் 1922-ல் வ. வே. சு. ஐயர் ஒரு குருகுலம் தொடங்கினார். கல்வியையும் கைத்தொழிலையும் உடற்பயிற்சியையும் இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தில் எழுந்தது அது. அங்கே சில மாணவர்க்குத் தனிப்பந்தி வைத்ததால் எழுந்த கிளர்ச்சியில் நாடே இரண்டுபட்டது. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும் பந்தியில் பிழை இருந்தமையால் அது நிலைக்கவில்லை. நூறாண்டு கழித்து 2023-ல் நாங்குநேரியில் மாணவர்களுக்கிடையே நேர்ந்த சாதிக் கொடுமையை நீங்கள் அறிவீர்கள். அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024-ல் அளித்த அறிக்கையில், பள்ளிக்கு வண்ணக் கயிறு கட்டி வருதல் கூடாது என்ற பரிந்துரையும் உண்டு. பள்ளியில் ஆசிரியர் கயிற்றை அறுக்கச் சொல்வார். விடுதியிலும் வேலையிடத்திலும் அவ்வாறு சொல்ல ஆசிரியர் வரமாட்டார். உங்கள் அறையில் உடனிருக்கப் போகும் மூவர் யாரென்று நீங்கள் தேர்ந்தெடுக்கவும் முடியாது. ஊரை விட்டுப் புறப்படும் நாளில் பெட்டியில் வைக்க வேண்டியவை பல. அந்தக் கயிறு அவற்றுள் ஒன்றன்று.

இறுதியாகச் சான்றிதழ்கள். இதில் எவரும் அக்கறை காட்டுவதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து கைக்கு எட்டிய வேலை வாய்க்கு எட்டாமற் போனதற்கு மதிப்பெண்ணைவிட இதுவே காரணமாக இருந்த சந்தர்ப்பங்கள் உண்டு. அந்நாளில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்தால், வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. பிறந்த நாள் தெரியாவிடில் ஆசிரியரே ஒரு தேதியை எழுதிவிடுவார். என் தலைமுறையில் பாதிப்பேர் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்ததாகப் பள்ளிப் பதிவேடு கூறும்! இன்று பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் பிழைகள் வேறு உருவில் வருகின்றன. மதிப்பெண் பட்டியலில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். ஆதாரில் பின்னால் நிற்கும். ஓரிடத்தில் ‘முத்துலெட்சுமி’, மற்றோரிடத்தில் ‘முத்துலட்சுமி’. ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்றாவது ஒரு வடிவம். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வேலைக்குத் தேர்வு பெற்றபின், ஓர் எழுத்துக்காக நான்கு மாதம் அலைந்து திரிந்தார். நல்ல வேளையாக இடம் போகவில்லை.

பள்ளியை விட்டு நீங்கிப் பல்லாண்டு கழித்துத் திருத்துவது பெரும்பாடு. பதிவேடு பள்ளி அலுவலகத்தில் எடுத்த எடுப்பில் கிடைக்கும் இப்போது கேட்பது எளிது. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவராயின் முதல் பட்டதாரிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் ஆகியவற்றை மேசைமேல் வரிசையாகப் பரப்பி, பெயர், முதலெழுத்து, தந்தை பெயர், பிறந்த நாள் என்ற நான்கையும் ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். வேறுபாடு கண்டால் நாளைக் காலையிலேயே தலைமையாசிரியரைப் பாருங்கள். விடுமுறையிலும் அலுவலகத்தில் எழுத்தர் இருப்பார். பத்து மணிக்கு மேல் செல்வது நல்லது. பிறப்புச் சான்றிதழின் மூலத்தோடு இரண்டு படிகளும், உடன் தந்தையாரோ தாயாரோ கையொப்பமிட வருவதும் வேண்டும்.